சீட்டு இல்லாத கல்

மரப்பாச்சிகள் இரண்டும் தரையில் நின்றன.

மெய்யநாதன் நனைந்த குடையைக்கூட மடக்காமல் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டான். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது அவை கல்லின் மேல் இருந்தன. ஆண் பொம்மை இடப்பக்கம், பெண் பொம்மை வலப்பக்கம், நடுவில் குத்துவிளக்கு, இரண்டு ஓரத்திலும் ஓலைக் கொட்டான்கள். அவனேதான் வைத்தான். இப்போது ஐந்தும் சுவரோரம் தரையில் வரிசையாக இருந்தன. எதுவும் விழவில்லை, உருளவில்லை. கொட்டான்களின் மூடிகள்கூட நழுவவில்லை. அவசரம் இல்லாத ஒரு கை ஒவ்வொன்றாக எடுத்து இறக்கி வைத்திருந்தது. கல் வெறுமையாகக் கிடந்தது.

"வள்ளியம்மாக்கா."

சமையல்காரி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"இந்தச் சாமானையெல்லாம் ஏன் எடுத்து வச்சீங்க?"

"எத தம்பி?"

"கல்லு மேல இருந்தத."

அவள் எட்டிப் பார்த்தாள். "நான் ஏன்லா அத தொடப் போறேன்? காலையில கூட்டினேன். பாசாருக்குப் போனேன். வந்ததுலேருந்து அடுப்படியிலதான் கெடக்கேன்." பிறகு சிரித்தாள். "புருசன் பொஞ்சாதி பொம்மதானே. சண்ட போட்டுக்கிட்டு எறங்கியிருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. ஐந்தையும் எடுத்து மறுபடி கல்லின் மேல் வைத்தான். வைக்கும்போது புறங்கை கல்லில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அன்று பகல் முழுக்க மழை. வெயில் அந்தக் கூடத்துக்குள் வரவே இல்லை.

பினாங்கில், பர்மா ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் புதிதாகக் கட்டிய வரிசையில் கடைசி வீடு அது. சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. அவன் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கியில் வட்டிக்கடை வைத்து அங்கேயே இருந்தார்கள். அவன் மட்டும் சென்னையில் பி.ஏ. படித்துவிட்டுக் கடைப்பக்கம் போகாமல் இங்கிலீஷ் வாத்தியார் ஆனவன்.

மனைவி கண்ணம்மை பினாங்கைப் பார்த்ததில்லை. அவன் லீவில் ஊர் போய் வந்தபோது தங்கிய பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆனதும் கப்பலேறுவதாக இருந்தது. சென்ற பங்குனியில், ஏழாம் மாதத்தில், ஊரில் மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். தந்தி வகுப்பறைக்கு வந்தது. அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாடத்தை முடித்தான். மணி அடித்த பிறகும் கரும்பலகையை அழித்துக்கொண்டே நின்றான் என்று பையன்கள் பிறகு பேசிக்கொண்டார்கள்.

பதினாறு நாள் கழித்து மாமியார் எழுதினாள். மகளுக்காக ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்லிக் கேட்டிருந்தாள். படித்தவன் செய்கிற காரியம் அல்ல என்று அவன் நான்கு வரியில் பதில் எழுதினான். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த கடிதங்களை அவன் பிரிக்கவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் படம் ஒட்டிய நான்கு உறைகள் மேசை இழுப்பறையில் கிடந்தன.

தங்கை மீனாளின் கடிதத்தை மட்டும் பிரித்தான்.

"அண்ணே, இந்தத் தடவை தங்கிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழாம் மாதம். இங்கே தோட்டத்தில் ஆஸ்பத்திரி கிடையாது, தெரியும் உனக்கு. ஆத்தா இருந்தால் கூட்டிப் போயிருப்பாள். இப்போது எனக்குப் பிறந்த வீடு என்றால் நீ இருக்கிற வீடுதான். உன் வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி வெறுஞ்சுவராக வைத்திருப்பாய். அண்ணமிண்டி சாமானெல்லாம் ஊரிலிருந்து வருகிறதாமே. அதை எடுத்து அலங்காரம் பண்ணி வை. அவள் ஆசைப்பட்டு வாங்கினது. பெட்டிக்குள் கிடந்தால் அவளுக்குத்தான் ஆறாது."

அண்ணன் மனைவியை மீனாள் அப்படித்தான் கூப்பிடுவாள். மீனாளுக்கு ஏற்கெனவே இரண்டு கலைந்துவிட்டன. இரண்டாவதின்போது செத்துப் பிழைத்தாள். மெய்யநாதனுக்கு இனி உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். அவளும் அவள் கணவன் முத்துவீரப்பனும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிபோங் திபால் தோட்டத்திலிருந்து வருகிறார்கள். அவள் வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டும். அவன் மனதில் அசைகிற ஒரே எண்ணம் அதுதான்.

சாமான்கள் போன வாரம் வந்தன. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு நீள மரப்பெட்டி. துறையிலிருந்து ஏற்றி வந்தவன் மாட்டுவண்டிக்கார அப்துல் ரஹீம்.

"என்ன வாத்தியாரே, பெட்டிக்குள்ள யானக்குட்டியா? நாலு பேரு புடிச்சும் எந்திரிக்க மாட்டேங்குது. மாடு ரெண்டும் என்னைத் திட்டுதுலா."

மரப்பெட்டியைத் திறந்தால் வைக்கோலுக்குள் ஒரு கருங்கல் பலகை. ஆள் நீளம், ஒரு முழ அகலம். மேல்புறம் கண்ணாடியாக இழைத்து, இரண்டு முனையிலும் தாமரை செதுக்கியிருந்தார்கள்.

டிரங்குகளுக்குள் இருந்த ஒவ்வொரு பொருளிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது. கண்ணம்மையின் கையெழுத்து. உயிரோடு இருந்தபோதே எழுதிக் கட்டியிருக்கிறாள். பாசிமணித் திரையில் 'உள்கதவு'. தஞ்சாவூர் கிருஷ்ணன் படத்தில் 'வாசலைப் பார்த்து'. பத்தமடைப் பாயில் 'அவுகளுக்கு'. அவன் சீட்டில் எழுதியிருந்தபடியே ஒவ்வொன்றையும் மாட்டினான், விரித்தான், வைத்தான். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது சௌகரியமாக இருந்தது.

கல்லுக்கு மட்டும் சீட்டு இல்லை.

"இத எங்க போட?" என்றான் அப்துல் ரஹீம்.

மெய்யநாதன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். வீடு கட்டி மிஞ்சிய செங்கல் கொல்லையில் கிடந்தது. உள்கதவுக்குப் பக்கத்தில், சுவரோரம், இடுப்புயரத்துக்குச் செங்கலை இரண்டு தூணாக அடுக்கச் சொன்னான். கல்லை அதன்மேல் கிடத்தினார்கள். மேலே விளக்கும் பொம்மைகளும் வைத்தபோது பார்க்க நன்றாகவே இருந்தது. வாங்கி வைத்த பலகை மாதிரி இல்லை. அங்கேயே முளைத்தது மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் சாமான்கள் தரையில் இருந்தன.

அவன் வள்ளியம்மாவைக் கேட்கவில்லை. கவனித்தான். அவள் கூடத்தைக் கடக்கும்போது கல்லின் பக்கம் பார்க்காமல் போவதைக் கவனித்தான். பார்க்காமல் போவதே ஒரு குற்றமாகப் பட்டது. அந்தக் கல்லில் அவள் மத்தியானம் படுத்துத் தூங்குகிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும். வெதுவெதுப்புக்கு வேறு காரணம் இல்லை.

புதன்கிழமை காலையில் பள்ளியிலிருந்து எடுத்து வந்த சாக்கட்டியால் ஒவ்வொரு பொருளையும் சுற்றிக் கல்லின்மேல் கோடு போட்டான். மூன்று வட்டங்கள், இரண்டு சதுரங்கள். சாயங்காலம் வந்து பார்த்தான். சாமான்கள் தரையில். கல்லில் ஒரு கோடும் இல்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருந்தது. நெய்க்கசடு பிடித்த கல்லைப் போல ஒரு மினுமினுப்பு. கிட்டக் குனிந்தபோது வேப்பெண்ணெயும் மஞ்சளும் கலந்த நெடி வந்தது. அதற்கு அடியில் வேறு ஒரு வாடையும் இருந்தது. வெகுதூரம் வெயிலில் நடந்து வந்தவரின் வியர்வை வாடை.

"சாவியக் குடுங்கக்கா."

வள்ளியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு வருசமா ஒங்களுக்குச் சோறாக்குறேன் தம்பி. ஒரு கரண்டி காணாமப் போயிருக்கா?"

"காணாமப் போகல. எடம் மாறுது."

"எடம் மாறுனா நானா?" இடுப்பில் செருகியிருந்த சாவியை உருவிக் கல்லின் மேல் வைக்கப் போனாள். பாதியில் கையை இழுத்துக்கொண்டு அவன் கையிலேயே கொடுத்தாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. மத்தியானத்துல கூடத்துல யாரோ இருக்காப்புல இருக்கு. நீங்க சீக்கிரம் வந்துட்டீங்கன்னு ரெண்டு தடவ எட்டிப் பாத்தேன். ஆளு இல்ல. மூச்சு வாங்குற சத்தம் மட்டும் கேக்குது. மாடி ஏறி வந்தவ மாதிரி."

பொய் சொல்கிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவன் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை வீடு பூட்டியே இருந்தது. வள்ளியம்மாவுக்கு அவன் வந்த பிறகு வரும்படி உத்தரவு. ஜன்னல்களுக்குத் தாழ் போட்டு, கொல்லைக் கதவுக்கு உள்ளேயிருந்து கட்டை கொடுத்து, முன்கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான். நான்கு மணிக்கு வந்தான். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்ததும் அந்த நெடி முகத்தில் மோதியது. சாமான்கள் வழக்கம்போலச் சுவரோரம் வரிசையாக இருந்தன.

கல் வெறுமையாக இல்லை. நடுவில் ஒரு சும்மாடு இருந்தது.

தலையில் சுமை தூக்குகிற பெண்கள் சேலைத்துணியை வளையமாகச் சுருட்டி உச்சந்தலையில் வைத்துக்கொள்வார்களே, அது. அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்ட கண்டாங்கித் துணி. இறுக்கமாகச் சுற்றியிருந்தது. நடுப்பகுதி அமுங்கித் தட்டையாகியிருந்தது. அவன் அதை எடுத்துப் பிரித்தான். ஈரம். உள்மடிப்பில் இரண்டு நீள முடிகள்.

அந்தச் சேலை அவனுக்குத் தெரியும். இரண்டாவது டிரங்கில் அடியில் இருக்கிறது. அவன் போய்த் திறந்து பார்த்தான். சேலை இருந்தது. முந்தானைப் பக்கம் ஒன்றரை முழம் இல்லை. கத்தரிக்கவில்லை. கிழித்திருந்தது.

அன்று அவன் தன்னையே சந்தேகித்தான். துக்கத்தில் இருப்பவர்கள் தாங்கள் செய்வதைத் தாங்களே அறியாமல் செய்வார்கள் என்று எங்கோ படித்திருக்கிறான். நகங்களைப் பார்த்துக்கொண்டான். உள்ளங்கையை முகர்ந்தான். சாக்கட்டி வாசனைதான் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. பிரம்பு நாற்காலியைக் கல்லுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான். சாமான்கள் கல்லின் மேல் அவன் வைத்த இடத்தில் இருந்தன. காலை போயிற்று. மத்தியானம் வள்ளியம்மா கொண்டுவந்து வைத்த சோறு ஆறிப் போயிற்று. அவள் தட்டை எடுத்துக்கொண்டு நேரத்தோடே வீட்டுக்குப் போனாள். நான்கரைக்கு மலைப்பக்கமிருந்து மழை இறங்கியது. ஆயர் ஈத்தாம் பக்கம் முதலில் வானம் கறுத்து, பிறகு ஓட்டுக் கூரைகளின் மேல் சரளைக்கல் கொட்டுவதுபோல ஓசை நெருங்கி வந்து, வீட்டின் மேல் ஏறி நின்றுகொண்டது. ஜன்னல் கண்ணாடி வெளுத்தது. கூடத்தில் பகல் மங்கி, விளக்கின் பித்தளையும் கிருஷ்ணன் படத்தின் தங்க ரேக்கும் மட்டும் தெரிந்தன. எழுந்து சுவிட்சைப் போட வேண்டும் என்று நினைத்தான். எழவில்லை. மழையின் இரைச்சலுக்கு அடியில், அதைவிட மெதுவாக, வேறொரு ஓசை இருந்தது.

வெறுங்காலின் ஓசை.

முன்வாசல் பக்கமிருந்து வந்தது. பாதம் முழுவதும் தரையில் பதியும் நடை. கனம் சுமக்கிறவர்கள் நடப்பதுபோல. இரண்டு எட்டு. ஒரு நிறுத்தம். மூச்சு. மறுபடி இரண்டு எட்டு. அவனுடைய நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனது. முழங்கையில் துணி உரசியது. ஈரத்துணி.

அவன் திரும்பவில்லை. பார்வையைக் கல்லிலேயே வைத்திருந்தான். கண் இமைத்தான். ஒரே ஒரு தடவைதான்.

சாமான்கள் தரையில் இருந்தன.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கல்லின் முன் யாரோ நிற்கிறார்கள். நின்று, முயன்று, முடியாமல் மூச்சு வாங்குகிறார்கள். "ம்..." என்று அடித்தொண்டையில் ஒரு முனகல். இறக்க வேண்டும், இறக்க முடியவில்லை. மறுபடி முனகல். நெடுநேரம். கடைசியில் நடை திரும்பியது. உள்கதவில் பாசிமணித் திரை இரண்டாகப் பிரிந்தது. காற்றுக்கு ஆடுவதுபோல அல்ல. இரண்டு பக்கமும் அகலமாக விலகி, வயிறு பெருத்த ஒருத்தி பக்கவாட்டில் நுழைந்து போகும் நேரம் வரைக்கும் விலகியே நின்று, பிறகு மணிமணியாக விழுந்து மூடியது. திரையில் கோத்திருந்த பச்சைக் கிளிகள் ஆடி அடங்கின.

எவ்வளவு நேரம் கழித்து எழுந்தான் என்று தெரியாது. கல்லின் மேல் கை வைத்தான். சுட்டது. கையை இழுத்தபோது விரல் கல்லின் பின்விளிம்பில், சுவருக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் பட்டது. அங்கே ஏதோ வெட்டியிருந்தது. விரலை நுழைத்துத் தடவினான். ஒரு வளைவு, ஒரு கோடு. எழுத்து. அடுத்தது, தலையில் ஒரு புள்ளி. குருடன் படிப்பதுபோல ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தான்.

கண்ணம்மை.

மேசை இழுப்பறையைத் திறந்தான். நான்கு உறைகளில் கடைசியாக வந்ததைக் கிழித்தான்.

"மாப்பிள்ளைக்கு, ஆசீர்வாதம். நீங்கள் செய்ய மாட்டேன் என்று எழுதினீர்கள். நானே கல் அடிக்கக் கொடுத்துவிட்டேன். இங்கே நிறுத்தினால் புருஷன் கையால் ஆகாத காரியம் என்று ஊர் சொல்கிறது. அவள் போக நினைத்த ஊரும் அதுதான். அதனால் அங்கே அனுப்புகிறேன். ஜனங்கள் நடக்கிற வழியில், ரோட்டோரமாக நிறுத்துங்கள். போகிறவர் வருகிறவர் சுமை இறக்கி வைத்துப் போகட்டும். அவள் பெயர் எல்லார் கண்ணிலும் படட்டும். அது போதும். வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோக வேண்டாம்."

ஊரில் வழியோரங்களில் அவனும் பார்த்திருக்கிறான். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியாக நடக்கிறவர்கள், இறக்கிவிட ஆள் இல்லாவிட்டாலும், அதில் சுமையை வைத்து இளைப்பாறலாம். சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களுக்காக அதை நிறுத்துவார்கள். அவள் சுமந்துகொண்டு போனது அப்போதுதான் இறங்கும் என்பார்கள். மாமியார் கேட்டிருந்த ஒரே காரியம் அதுதான். வேண்டாம் என்று எழுதிய அதே கையால் அவன் அதைத் தன் கூடத்தில், மீனாள் படுக்கப் போகிற அறையின் கதவோரம், நிறுத்தியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அப்துல் ரஹீமைத் தேடிப் போய்க் கூட்டி வந்தான். வண்டியில் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். கல்லைச் சுவரிலிருந்து விலக்கியதும் அப்துல் ரஹீம் பின்விளிம்பைப் பார்த்தான். பெயரை வாய்க்குள் படித்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"சொமதாங்கியா வாத்தியாரே?"

"ஆமா."

"எங்க ஊருலயும் உண்டு. கடப்பாரை வண்டியிலயே கெடக்கு. முச்சந்தியில நல்ல எடம் இருக்கு. அந்த ஆலமரத்தடி. பாசாருக்குத் தலையில கூடை வச்சுக்கிட்டுப் போற பொம்பளைங்க எல்லாரும் அந்த வழிதான். ஒரு மணி நேரத்து வேலை."

மெய்யநாதன் முச்சந்தியை நினைத்துப் பார்த்தான். தினமும் தலைமை ஆசிரியரின் மோட்டார் அந்த வழியாகத்தான் போகும். பையன்கள் சைக்கிளில் வருவார்கள். கல்லில் பெயர் இருக்கும். யார் சார் கண்ணம்மை என்று கேட்பார்கள். அவன் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை வாயால் சொல்ல வேண்டும். தந்தி வந்த நாளிலிருந்து அவன் அதைச் சொன்னதே இல்லை.

"வேண்டாம். கடல்ல போட்டுரு."

"வாத்தியாரே..."

"சொன்னதச் செய்யி, அப்துல் ரஹீம். தூரமாப் போயி, ஆழத்துல போடு."

அப்துல் ரஹீம் துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டான். நால்வரும் குனிந்து பிடித்தார்கள். தூக்கியதும் ஒருவன் நிலை தடுமாறிப் பின்னால் சாய்ந்தான். கல் அவ்வளவு சுலபமாக எழுந்துவிட்டது.

"வரும்போது நாலு பேருக்கு அசையல," என்றான் அப்துல் ரஹீம், வாசலில் நின்று. "இப்ப ஒரு ஆளே தூக்கலாம். கல்லுல இருந்த கனம் எங்க போச்சு?"

வண்டி போயிற்று. செங்கல் தூண்களைக் கலைத்துக் கொல்லையில் போட்டான். அந்த இடத்தில் மர முக்காலி ஒன்றை வைத்து, அதன்மேல் விளக்கையும் பொம்மைகளையும் வைத்தான். மத்தியானம் முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தான். ஒன்றும் நகரவில்லை. நெடி இல்லை. மூச்சு இல்லை. மூன்று மணிக்கு வள்ளியம்மாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

"மன்னிச்சுக்குங்கக்கா."

"அத விடுங்க தம்பி. புள்ளத்தாச்சி வர்ற நேரத்துல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா நிக்கிறது?" அவள் கூடத்தைப் பார்த்தாள். திரை, படம், பாய், விளக்கு. "இப்பதான்லா வீடு மாதிரி இருக்கு."

அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. பல மாதங்களுக்குப் பிறகு பசித்தது. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

ஐந்தரைக்கு மழை பிடித்தது. அக்கரையில் இருக்கும் பிறைத் துறையிலிருந்து கடைசி வெளிச்சத்துக்குள் படகு வந்துவிடும். அவன் வாசலில் குடையோடு நின்றான். சந்து முழுக்க நீர் ஓடியது. அடுப்படியில் வள்ளியம்மா அம்மியில் அரைக்கும் ஓசை கேட்டது. ஆறு மணி சுமாருக்கு மழைக்குள்ளிருந்து ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. கூண்டு இழுத்துவிட்டிருந்தது. முன்பக்கம் மழைக்காக எண்ணெய்த்துணி கட்டியிருந்தது. இழுத்து வந்தவன் ஓலைத்தொப்பிக்கு அடியில் தலையைக் குனிந்தபடி நின்றான்.

எண்ணெய்த்துணி விலகியது. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை வெளியே நீண்டது. பிறகு வயிறு. பெரிய வயிறு. முகத்தை முக்காடு மறைத்திருந்தது.

"கொஞ்சம் எறக்கி விடுங்க."

களைத்த குரல். மழையில் பாதிதான் கேட்டது. குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினான். யாராக இருந்தாலும் நீட்டியிருப்பான். சுமையோடு நிற்கிறவர் அப்படிக் கேட்டால் தெருவில் போகிற அந்நியனும் நின்று கை கொடுப்பான்.

அவள் தன் பாரம் முழுவதையும் அவன் கைகளில் சாய்த்தாள். முழங்கால் மடங்கியது. இவ்வளவு கனமா. பல்லைக் கடித்துத் தாங்கினான். "ம்..." என்று அவள் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. நீண்ட, நிம்மதியான முனகல்.

பிறகு அவள் இறங்கிவிட்டாள்.

அவனைக் கடந்து படியேறினாள். நிமிர்ந்து. லேசாக. ஓடுவதுபோல. அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்ட ஈரச் சேலை. அதில் முந்தானை கிழிந்திருந்தது. உள்ளே பாசிமணி கலகலத்தது.

அண்ணே என்று அவள் கூப்பிடவில்லை.

முத்துவீரப்பன் வரவில்லை. பெட்டி வரவில்லை. ரிக்‌ஷா இல்லை. சக்கரம் போன ஓசையும் இல்லை.

கைகள் நீட்டியபடியே இருந்தன. இறங்கவில்லை. அவற்றின் மேல் ஏதோ இருந்தது. துணி சுற்றியது. சூடானது. மழை அதன்மேல் விழுந்து ஆவியாக எழுந்தது. கீழே வைக்க இடம் தேடினான். படி. சுவர். முக்காலி. எதிலும் வைக்க முடியாது என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது. வைக்கிற இடத்தை அவன் காலையில் கடலில் போட்டுவிட்டான்.

உள்ளே அம்மி ஓசை நின்றது. "வந்துட்டீங்களா தாயி," என்ற வள்ளியம்மாவின் குரல் கேட்டது. "தனியாவா வந்தீங்க? உக்காருங்க, உக்காருங்க. வெளக்கேத்துறேன்."

சந்து முனையில் இரண்டு விளக்குகள் திரும்பின. இரண்டு ரிக்‌ஷாக்கள் வந்தன.

"அண்ணே!"

மீனாள். முத்துவீரப்பன் அவளைப் பிடித்து இறக்கிவிட்டான். பெட்டியை எடுக்கப் பின் வண்டிக்குப் போனான். அவள் வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் அடி பார்த்து வைத்து வந்தாள். சிரித்தாள்.

"மழையில ஏண்ணே நிக்கிறே? கையில என்னது?"

போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது. சுமை தூக்கியவனின் மூச்சு. கனம் நெஞ்சை அழுத்தியது. ஒரு காலையும் எடுத்து வைக்க முடியவில்லை. தலையை மட்டும் அசைத்தான். அவள் அதை வா என்று எடுத்துக்கொண்டாள்.

படியில் ஏறி நின்று உள்ளே பார்த்தாள். விளக்கு எரிந்தது. பொம்மைகள் தரையில் வரிசையாக நின்றன. முக்காலி வெறுமையாக இருந்தது. உள்கதவில் பாசிமணித் திரை இரண்டு பக்கமும் அகலமாக விலகி நின்றது. கிளிகள் ஆடவில்லை. வயிறு பெருத்த ஒருத்தி நுழையும் அளவுக்கு, யாரோ பிடித்துக்கொண்டு வழிவிடுவதுபோல.

"அண்ணமிண்டி திரையா இது?" என்றாள் மீனாள். "எவ்வளவு அழகா மாட்டியிருக்கே."

உள்ளே போனாள். திரை மூடியது.

அவன் கைகளில் கனம் கூடியது.